சில்லும் கோணமும்: மோட்டார் வண்டியின் சில்லமைப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் எந்திரத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். நீராவியிலிருந்து பெற்றோலுக்கும், ஒற்றை உருளையிலிருந்து பல உருளைகளுக்கும் அது வளர்ந்த கதை பலரும் அறிந்ததே. ஆயினும், வண்டியை ஓடச் செய்வது எந்திரமெனின், மனிதன் கருதிய வழியில் அதனை ஓடச் செய்வன நிலத்தைத் தொட்டு நிற்கும் நான்கு சில்லுகளும் அவை நிற்கும் கோணங்களுமேயாகும். ஒவ்வொரு ரயரும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கையின் அளவினதே. வண்டியின் பாரம், வேகம், அதனுள் இருப்போரின் உயிர் ஆகிய அனைத்தும் அந்த நான்கு உள்ளங்கைப் பரப்புகளிலேயே தங்கியுள்ளன.

இன்று வண்டி திருத்துமிடங்களில் ‘வீல் அலைன்மென்ற்’ என்னும் பெயரால் அளந்து சீராக்கப்படுபவை சில கோணங்களே. பாகையிலும் கலையிலும் அளக்கப்படும் இச்சிறு அளவுகளைத் தொழில்நுட்ப விபரங்கள் என்று வரலாற்று மாணவர் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலகட்டம் எதிர்நோக்கிய இடர்ப்பாட்டுக்குக் கிடைத்த விடையாகும். அவ்விடைகளிற் பல, தேவை தோன்றுவதற்கு முன்னரே ஒருசிலரால் அறியப்பட்டிருந்தன என்பதும், சமூகம் வற்புறுத்தும்வரை அவை கிடப்பிலேயே கிடந்தன என்பதும் இவ்வரலாற்றின் சிறப்பியல்புகளாகும். இவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரை பூட்டிய காலம்

நாற்சில்லுக் குதிரைவண்டியின் முன்னச்சு நடுவிலுள்ள ஒரு முளையைப் பற்றி முழுமையாகத் திரும்புவது. குதிரை திரும்ப, ஏர்க்கால் திரும்பும். ஏர்க்கால் திரும்ப, அச்சும் இரு சில்லுகளும் ஒருங்கே திரும்பும். அமைப்பு எளிதெனினும் இதில் இரு குறைகள் இருந்தன. முன்சில்லுகள் வண்டியின் அடியிற் புகுந்து திரும்ப வேண்டியிருந்தமையால் அவற்றைச் சிறியனவாக அமைக்கவோ வண்டியின் உடலை உயர்த்தவோ வேண்டியதாயிற்று. அன்றியும், அச்சு முற்றாகத் திரும்பியவிடத்து நாற்புள்ளிகளில் நின்ற வண்டி ஏறக்குறைய ஒரு முக்கோணத்தின் மீது நிற்பதாகிவிடும். கூர்மையான திருப்பங்களில் வண்டிகள் கவிழ்ந்தமைக்கு இதுவே முக்கிய காரணமாகும்.

இக்குறையை உணர்ந்தோருள் முதன்மையானவர் இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் நகரில் வாழ்ந்த மருத்துவர் இராஸ்மஸ் டார்வின் ஆவார். பரிணாமக் கொள்கையை வகுத்த சார்ள்ஸ் டார்வினின் பாட்டனாரான இவர், நோயாளரைக் காணும்பொருட்டு அந்நாளைய கரடுமுரடான வீதிகளில் ஓயாது பயணஞ் செய்தவர். 1759 ஆம் ஆண்டளவில் இவர் அச்சினை அசையாது நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் சில்லுகள் தனித்தனியே திரும்பத்தக்க ஓரமைப்பை வகுத்துத் தம் வண்டியிலேயே கையாண்டார். ஆயினும் மருத்துவத் தொழிலுக்கு இழுக்காகும் என்று கருதித் தம் கண்டுபிடிப்புகளுக்கு அவர் உரிமப் பத்திரம் பெறவில்லை. அதனால் அவ்வமைப்பு அவருடனேயே மறைந்தது. 1768 இல் வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு அவரது முழங்காலெலும்பு முறிந்தது என்பதும், அதன்பின் அவர் நொண்டியே நடந்தார் என்பதும் அக்காலப் பயணத்தின் இயல்பை உணர்த்துவன.

அதே கருத்தை 1816 இல் மீண்டும் கண்டவர் மியூனிக் நகர வண்டித் தொழிலாளரான கேயோர்க் லங்கென்ஸ்பெர்கர். அவருக்காக இலண்டனில் 1818 இல் உரிமப் பத்திரம் பெற்றவர் ருடோல்ஃப் அக்கர்மன். சக்சனி நாட்டிற் பிறந்து, வண்டி வரைஞராகப் பயின்று, இலண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் அச்சோவிய விற்பனை நிலையம் நடத்திப் புகழ்பெற்ற இவரது பெயராலேயே அவ்வமைப்பு இன்றும் ‘அக்கர்மன் அமைப்பு’ என வழங்குகின்றது. கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர் என்னும் விந்தை தொழில்நுட்ப வரலாற்றிற் புதியதன்று.

அவ்வமைப்பின் அடிப்படை எளிய கேத்திர கணிதமே. வண்டி ஒரு வளைவிற் செல்லும்போது உட்புறச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சில்லு பெரிய வட்டத்திலும் உருள்கின்றன. இரண்டும் வழுக்காது உருள வேண்டுமாயின் நான்கு சில்லுகளின் அச்சுக்கோடுகளும் ஒரே புள்ளியிற் சந்தித்தல் வேண்டும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 2.5 மீற்றராகவும், முன்சில்லுகள் திரும்பும் முளைகளின் இடைத்தூரம் 1.4 மீற்றராகவும் உள்ள வண்டியொன்று 6 மீற்றர் ஆரையில் திரும்புவதாகக் கொள்வோம். அதன் உட்புறச் சில்லு ஏறத்தாழ 25 பாகையும் வெளிப்புறச் சில்லு ஏறத்தாழ 20½ பாகையும் திரும்புதல் வேண்டும். இவ்வேறுபாடின்றி இரண்டும் ஒரே அளவில் திரும்புமாயின் ஒரு சில்லாவது நிலத்தில் இழுபட்டே செல்லும்.

கணக்கு இத்துணைத் தெளிவாக இருந்தும் இலண்டன் வண்டித் தொழிலாளர் இதனை வரவேற்கவில்லை. அமைப்பின் பயனை விளக்கி அக்கர்மன் 1819 இல் நூலொன்று வெளியிட்டும் நிலைமை மாறவில்லை. இதனைத் தொழிலாளரின் பழமைவாதம் என்று மட்டுங் கூறி அமைதல் பொருந்தாது. பழைய அமைப்பில் ஒரு சில்லு கல்லில் மோதினால் அச்சு முழுவதும் திரும்ப முற்படும். ஆனால் அத்திருப்பத்தைத் தாங்கி நிற்பவை ஏர்க்காலிற் பூட்டிய குதிரைகள். குதிரையின் உடலே சுக்கானாகவும் அதிர்வு தாங்கியாகவும் பயன்பட்டது. குதிரை இருக்கும்வரை புதிய கேத்திர கணிதத்துக்குக் கட்டாயத் தேவை எழவில்லை.

குதிரை நீங்கிய பின்

குதிரை நீங்கியதும் அந்த மோதல் முழுவதும் ஓட்டுநரின் கைகளுக்கே வந்தது. நடுமுளையைப் பற்றித் திரும்பும் அச்சில், சில்லுக்கும் முளைக்கும் இடையே அச்சின் பாதி நீளம் நெம்புகோலாக நின்று கல்லின் விசையைப் பெருக்கும். மனிதக் கை அதற்கு ஈடுகொடுத்தல் அரிது. ஆதலால் அறுபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்த கருத்து உயிர்பெற்றது.

பிரான்சின் லு மான் நகரில் மணி வார்க்கும் தொழில் செய்த அமெதே பொல்லே 1873 இல் அமைத்த நீராவி வண்டியில் முன்சில்லுகள் இரண்டும் தத்தம் முளைகளில் தனித்தனியே திரும்பின. பன்னிருவர் ஏறத்தக்க அவ்வண்டிக்கு அவர் இட்ட பெயர் ‘கீழ்ப்படிபவள்’ எனப் பொருள்படுவது. 1875 இல் அது லு மானிலிருந்து பாரிசுக்கு 18 மணித்தியாலத்தில் ஓடிச் சென்றது. வேகத்தையன்றிக் கீழ்ப்படிவையே பெயராக்கியமை, அக்கால வண்டிகளின் தலையாய குறை யாதென்பதைக் காட்டுகின்றது. 1878 இல் பாரிசு வண்டித் தொழிலாளர் ஷார்ல் ஜாந்தோ அக்கர்மன் தத்துவத்துக்கு நடைமுறை விதியொன்றைத் தந்தார். முன்சில்லுகளின் முளைகளிலிருந்து நீளும் சிறு புயங்களைச் சற்று உட்சாய்த்து, அவற்றின் கோடுகள் பின்னச்சின் நடுவிற் சந்திக்குமாறு அமைத்தால், புயங்களும் இணைப்புக் கோலும் ஒரு சரிவகமாகும். அச்சரிவகம் திரும்பும்போது உட்புறச் சில்லு தானாகவே கூடுதலாகத் திரும்பும்.

இத்தனைக்குப் பின்னரும் 1886 இல் உரிமப் பத்திரம் பெற்ற கார்ல் பென்ஸின் பெற்றோல் வண்டி முச்சில்லு வண்டியாகவே அமைந்தது. நாற்சில்லு வண்டியைத் திருப்பும் முறை அவருக்கு அப்போது கைகூடவில்லை. அதே ஆண்டில் டைம்லர் அமைத்த வண்டியோ குதிரைவண்டியின் நடுமுளை அச்சையே கொண்டிருந்தது. 1893 இலேயே பென்ஸ் தம் சுக்கான் அமைப்புக்கு உரிமப் பத்திரம் பெற்று நாற்சில்லு வண்டியை வெளியிட்டார். தொழிலறிவு எழுத்தாலன்றிக் கையாற் பரவிய காலத்தில், ஒரு நாட்டிற் கண்ட விடையை மற்றொரு நாட்டவர் மீண்டும் தேட நேர்ந்தமையை இதனால் அறியலாம்.

கோணங்களின் தோற்றம்

வண்டி திரும்புதலே முதலாவது இடர்ப்பாடாக இருந்தது. வேகம் கூடியதும் நேராகச் செல்லுதல் இரண்டாவது இடர்ப்பாடாயிற்று. 1896 இல் நடைபெற்ற பாரிசு – மார்செய் ஓட்டப்போட்டியில் எமில் லெவசோர் ஓட்டிய வண்டி கவிழ்ந்தது. அவர் அடுத்த ஆண்டு இறந்தார். அவரது தொழிலகத்தின் பொறுப்பை 1897 இல் ஏற்ற ஆர்தர் கிரெப்ஸ், அதற்கு முன்னரே, 1896 இல், புதிய முன்னச்சு அமைப்பொன்றுக்கு உரிமப் பத்திரம் பெற்றிருந்தார். சில்லு திரும்பும் முளையின் கோடு, நிலத்தில் சில்லின் தொடுபுள்ளிக்குச் சற்று முன்னால் விழுமாறு அமைந்தால், தொடுபுள்ளி அக்கோட்டின் பின்னால் இழுபட்டு வரும். ஆதலால் ஓட்டுநர் கைவிட்டாலும் சில்லு தானாகவே நேர்நிலைக்கு மீளும். ‘காஸ்டர்’ என இன்று வழங்கும் கோணம் இதுவே. சுக்கானைத் திருப்பி விட்டவுடன் அது கையில் தானாக மீண்டு வருவதை உணரும் ஒவ்வோர் ஓட்டுநரும் இந்தக் கோணத்தின் பயனையே உணர்கின்றார்.

‘கேம்பர்’ எனப்படும் பக்கச் சாய்வு இதனினும் பழையது. மரச்சில்லின் ஆரக்கால்கள் குடைபோலச் சற்றுக் குழிவாகப் பொருத்தப்பட்டிருந்தன. குதிரையின் நடையாற் பாரம் பக்கத்துக்குப் பக்கம் அசையும்போது சில்லு நொறுங்காதிருக்க இக்குழிவு உதவியது. பாரத்தைத் தாங்கும் கீழ் ஆரக்கால் செங்குத்தாக நிற்கும்படி அச்சின் முனை கீழ்நோக்கி வளைக்கப்பட்டமையால் சில்லின் மேற்பகுதி வெளியே சாய்ந்து நின்றது. முளைக்கோட்டைத் தொடுபுள்ளிக்கு அருகிற் கொணர்ந்து கல்லின் மோதலைக் குறைக்க இச்சாய்வு பயன்பட்டமையால் ஆரம்பகால மோட்டார் வண்டிகளும் அதனை ஏற்றுக்கொண்டன. ஆனால் வெளியே சாய்ந்த சில்லு, உருளும் கூம்பினைப் போல, வெளிப்புறமாகவே ஓட முற்படும். அதனை ஈடுசெய்யவும், உருளும் தடையால் சில்லுகளின் முன்விளிம்புகள் விரிவதைத் தடுக்கவும் அவற்றை முன்புறத்திற் சற்று உள்நோக்கி நிறுத்தினர். ‘டோ-இன்’ என்னும் மூன்றாவது அளவு இவ்வாறு தோன்றியது. இவ்வளவின் பிழை சிறிதெனக் கருதுவோர் ஒரு கணக்கைச் செய்து பார்த்தல் நன்று. தன் வழியிலிருந்து ஒரு பாகை விலகி நிற்கும் சில்லு ஒரு கிலோமீற்றர் உருள்கையில் ஏறத்தாழ 17 மீற்றர் பக்கமாக இழுபடுகின்றது. ரயர் தேய்வது அந்த 17 மீற்றரிலேயாகும்.

நடுங்கும் சில்லு

1920 களில் இரு முன்னேற்றங்கள் ஒருங்கே வந்தன. ஒன்று, குறைந்த காற்றழுத்தமுள்ள பருத்த ரயர். மற்றது, முன்சில்லுகளிலும் பொருத்தப்பட்ட தடுப்பு. இரண்டும் பயணிக்கு நன்மை செய்தவை. ஆனால் இரண்டும் சேர்ந்தவிடத்து முன்சில்லுகள் சில வேகங்களில் இடமும் வலமுமாக வெறிகொண்டாற்போல் நடுங்கத் தொடங்கின. சுக்கான் ஓட்டுநரின் கையிலிருந்து பறிபடுமளவுக்கு இந்நடுக்கம் வலிதாயிருந்தது.

காரணம் இரு முன்சில்லுகளையும் பிணைத்து நின்ற முழு அச்சேயாகும். சுழலும் பம்பரத்தின் அச்சைச் சாய்க்க முயன்றால் அது நாம் தள்ளிய திசையிற் சாயாது வேறு திசையிற் திரும்புவதை அறிவோம். சுழலும் சில்லும் ஒரு பம்பரமே. ஒரு சில்லு மேட்டில் ஏறும்போது முழு அச்சும் சாய்கின்றது. சாய்ந்த சில்லுகள் பக்கமாகத் திரும்புகின்றன. திரும்பிய சில்லுகள் மீண்டும் அச்சைச் சாய்க்கின்றன. ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழற்சியை மென்மையான ரயர் தூண்டியது. 1925 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஜோர்ஜ் புருலியே, பக்கவிசை தாக்கும் ரயர் தான் நோக்கும் திசையிற் செல்லாது சிறு கோணத்தில் விலகியே செல்லும் என்பதை எடுத்துக்காட்டினார். அதுவரை சில்லைத் திண்மையான வட்டமாகவே கருதி வந்த கேத்திர கணிதத்தை இக்கருத்து அடியோடு மாற்றியது எனலாம்.

இத்துறையை ஒழுங்கான விஞ்ஞானமாக்கியவர் மொறிஸ் ஓலி. பிரித்தானியரான இவர் அமெரிக்காவிலிருந்த றோல்ஸ் றோய்ஸ் தொழிலகத்திற் பணியாற்றிப் பின்னர் 1930 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் கடிலாக் பிரிவில் சேர்ந்தவர். பாரங்களை இடம்மாற்றி வைக்கத்தக்க பெரிய பரிசோதனை வண்டியொன்றை 1932 இல் அமைத்து, பின்விற்களைவிட முன்விற்கள் மென்மையாக இருந்தால் வண்டி தலையாட்டாது செல்லும் என்பதை நிறுவினார். ஆனால் முழு அச்சுடன் முன்விற்களை மென்மையாக்கினாற் சில்லு நடுக்கம் மேலும் பெருகும். ஆகவே முழு அச்சையே அகற்றுவதன்றி வேறு வழியில்லை என்றாயிற்று. இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1922 இல் வெளியிட்ட ‘லம்டா’ வண்டியில் முன்சில்லுகள் ஏற்கெனவே ஒன்றிலொன்று தங்காது நின்றன எனினும், பேரளவு உற்பத்திக்கு அம்முறை வந்தது 1934 ஆம் ஆண்டுக்குரிய ஜெனரல் மோட்டர்ஸ் வண்டிகளுடனேயாகும்.

அவற்றுள் கடிலாக், பியூக் முதலியவற்றில் ஒவ்வொரு சில்லையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரு புயங்கள் தாங்கின. இரு புயங்களும் சம நீளமுடையனவாயின் அமைப்பு ஓர் இணைகரமாகும். சில்லு மேலுங் கீழும் அசையும்போது சாய்வதில்லை, ஆனால் அதன் தொடுபுள்ளி பக்கமாக நகர்ந்து ரயரைத் தேய்க்கும். மேற்புயத்தைக் குறுக்கினால் சில்லு சிறிது சாயும், ஆனால் தொடுபுள்ளி ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும்; திருப்பத்தில் வண்டியின் உடல் சரியும்போது வெளிப்புறச் சில்லு உடலுடன் சேர்ந்து முழுமையாகச் சரிவதும் குறையும். ஒரு தீமையை அளவறிந்து ஏற்று வேறிரு தீமைகளைத் தவிர்க்கும் இந்த உடன்பாடே தொங்கல் அமைப்பின் கேத்திர கணிதம் முழுவதுக்கும் உயிர்நாடியாகும். 1948 இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் போன்ற வண்டிகளால் தனித்தியங்கும் முன்சில்லு எளிய குடும்பத்தவரின் வண்டிக்கும் வந்தது. இலங்கை வீதிகளில் பல தசாப்தங்களாக ஓடிவரும் அச்சிறு வண்டி, சுக்கானுக்கு அடங்கும் தன்மையாற் பெயர்பெற்றது.

அறிந்தும் செய்யாமை

முன்சில்லுகள் இவ்வாறு சீர்பெற, பின்சில்லுகளைப் பற்றிய அறிவு மற்றொரு சோதனைக்கு உள்ளாயிற்று. பின்னச்சை நடுவிற் பிரித்து, ஒவ்வொரு பாதியும் தன் உள்முனையைப் பற்றி ஊஞ்சல்போல ஆடவிடும் அமைப்புக்கு எட்மண்ட் ரும்ப்லர் 1903 இல் உரிமப் பத்திரம் பெற்றிருந்தார். மலிவான அம்முறையை மத்திய ஐரோப்பிய வண்டிகள் பலவும் கையாண்டன. அதன் குறை கடுந்திருப்பத்தில் வெளிப்படும். பக்கவிசை வண்டியின் பின்பகுதியை மேலே உயர்த்த, வெளிப்புறச் சில்லு அடியில் மடங்கிப் பிடிப்பை இழக்கும். பாரமான எந்திரமும் பின்னாலிருப்பின் இடர் பெருகும்.

ஓலி இதனை நன்கறிந்திருந்தார். 1953 இல் ஐரோப்பிய வண்டிகள் பற்றி அவர் அளித்த கட்டுரையில், பின்எந்திரமும் ஊஞ்சலச்சும் கொண்ட வண்டிகளைக் கடுமையாகக் குறைகூறியிருந்தார். ஆயினும் அவர் பணியாற்றிய அதே ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஷெவ்ரலே பிரிவு 1959 இன் பிற்பகுதியில், 1960 ஆம் ஆண்டுக்குரிய வண்டியாக, ‘கோர்வெயார்’ என்னும் பின்எந்திர, ஊஞ்சலச்சு வண்டியை வெளியிட்டது. உடல் சரிவதைக் குறைக்கும் முன்புறக் கம்பி அதிற் பொருத்தப்படவில்லை. முன் ரயர்களில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல், பின் ரயர்களில் 26 இறாத்தல் என்ற வேறுபட்ட காற்றழுத்தமே வண்டியின் சமநிலையைக் காக்கும் ஏற்பாடாக அமைந்தது. அதாவது, பொறியியலாளர் செய்யவேண்டிய பணியின் ஒரு பகுதி காற்று நிரப்புபவரின் கவனத்துக்கு விடப்பட்டது. 1964 இல் முன்புறக் கம்பியும் பின்புறத்தில் குறுக்குத் தகட்டு வில்லும் சேர்க்கப்பட்டன. 1965 இல் ஊஞ்சலச்சே கைவிடப்பட்டது.

1965 நவம்பரில் சட்டத்தரணி ரால்ஃப் நேடர் வெளியிட்ட ‘எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது’ என்னும் பொருள்படும் நூலின் முதலாவது அதிகாரம் இவ்வண்டியைப் பற்றியதாகும். சில்லின் சாய்வு பற்றிய வாதம் பொறியியலாளரின் மேசையிலிருந்து நீதிமன்றத்துக்கு அந்நூலுக்கு முன்னரே வந்திருந்தது; சட்டசபையில் அது வலுப்பெற்றது அந்நூலின் பின்னரே. நேடரைப் பின்தொடரத் துப்பறிவோரை அமர்த்தியமை வெளிப்பட, 1966 மார்ச்சில் நிறுவனத்தின் தலைவர் செனற் குழுவின் முன் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு செப்டெம்பரில் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1972 இல் அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, கோர்வெயார் தன் காலத்து ஒத்த வண்டிகளைவிட அசாதாரணமான ஆபத்துடையதன்று என முடிவு செய்தது என்பதையும் நேர்மையுடன் குறிப்பிடுதல் வேண்டும். ஆனால் அம்முடிவும் ஒரு கேள்வியை எஞ்சவிடுகின்றது. ஒத்த வண்டிகளின் தரமே போதிய தரமா? ஓலியின் கட்டுரை கேட்டதும் அதனையேயாகும்.

முடிவுரை

அதன்பின் வந்த மாற்றங்கள் பல. 1972 இன் அவுடி 80 வண்டியில், ஒரு பக்கத்துத் தடுப்புத் தவறினும் வண்டி நேராகவே செல்லும்படி, முளைக்கோடு தொடுபுள்ளிக்கு வெளியே விழுமாறு அமைக்கப்பட்டது. 1982 இன் மெர்சிடிஸ் 190 வண்டியிற் பின்சில்லு ஒவ்வொன்றையும் ஐந்து புயங்கள் தாங்கின. அதே நிறுவனத்தின் சிறிய ஏ-வகுப்பு வண்டி 1997 இல் சுவீடனில் நடந்த திடீர்த் திருப்பச் சோதனையிற் கவிழ்ந்தது. தொங்கல் அமைப்புத் திருத்தப்பட்டதோடு, சில்லுகளைத் தனித்தனியே தடுத்து வண்டியை நிலைநிறுத்தும் மின்னணுச் சாதனமும் எல்லா ஏ-வகுப்பு வண்டிகளிலும் சேர்க்கப்பட்டது. விலையுயர்ந்த வண்டிகளுக்கே உரியதாயிருந்த அச்சாதனம் சிறிய வண்டிக்கும் வந்தது அந்தக் கவிழ்வுக்குப் பின்னரேயாகும்.

டார்வினின் வண்டியிலிருந்து இச்சாதனம் வரையுள்ள ஏறத்தாழ 240 ஆண்டுக் கால வரலாற்றிற் கணிதம் பின்தங்கிய சந்தர்ப்பங்கள் சிலவே. வட்டத்தின் மையமும் சரிவகத்தின் சாய்வும் எவரும் கற்கக்கூடியனவாகவே இருந்தன. பின்தங்கியது, அறிந்ததைச் செய்யும் விருப்பமே. குதிரை நீங்கியமை, சில்லு நடுங்கியமை, மக்கள் வினாவெழுப்பியமை ஆகிய புறத்தேவைகளே ஒவ்வொரு முறையும் அறிவை ஏட்டிலிருந்து வீதிக்குக் கொணர்ந்தன. அத்தேவை பிறக்கும்வரை அறியாமைக்கும் தாமதத்துக்கும் உரிய விலையைக் கொடுத்தவர் வண்டியைச் செய்தவரல்லர். அதில் ஏறிச் சென்றவரே.